இரண்டாம் சனிக்கிழமை செங்கத்துக்குப் பொருந்தாது

செங்கம் வட்டாரத்தில் கணினிப் பயனர் குழு ஒன்றைத் தொடங்க முனைந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



சென்னையில் லினக்ஸ் பழகிய ஒருவரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டால் அவர் காலண்டரைத் தேட மாட்டார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, ஐஐடி வளாகத்தில் கஜேந்திரா சர்க்கிள் பக்கத்து வான்வெளிப் பொறியியல் துறையில் ஒரு வகுப்பறை. 1998 ஜனவரி முதல் இயங்கிவரும் சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்குப் பல ஆண்டுகள் இந்த ஒரே விலாசம்தான், இந்த ஒரே நேரம்தான். பேசுகிறவர் மாறினார், தலைப்பு மாறியது, கல்லூரி முடித்து வேலைக்குப் போனவர்களின் இடத்தில் புதியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நாளும் இடமும் அசையவில்லை. சென்னையின் பைத்தான் பயனர் குழு நான்காம் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் அதற்கு இடம் கொடுத்தது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இணையத்தில் கூடுகிறது. செங்கத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் விழுப்புரத்தில் 2013இல் தொடங்கிய குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமத்துப் பிள்ளைகளை மனத்தில் வைத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தன் நாளாக்கிக்கொண்டது.

இந்தக் குழுக்கள் நிலைத்ததற்கு நல்ல பேச்சாளர்களும் நல்ல மென்பொருளும் மட்டுமே காரணம் என்று நினைத்தால் பாதிதான் புரிந்துகொண்டோம். ஒவ்வொரு மாதமும் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்து நாள் குறிக்கிற குழு மூன்று மாதம் தாண்டுவதே அபூர்வம். வாக்களித்தவர் வரமாட்டார், வர நினைத்தவர் அந்தச் செய்தியைப் பார்த்திருக்க மாட்டார். நாள் நிலையாக இருந்தால் நினைவூட்ட ஆளே வேண்டாம். ஒரு மாதம் தவறவிட்டவரும் அடுத்த மாதம் யாரையும் கேட்காமல் வந்துவிடுவார்.

ஆகவே செங்கத்துக்கும் இரண்டாம் சனிக்கிழமை மூன்று மணி என்று வைத்துவிடலாமா? கூடாது. சென்னையிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது நாளை மாற்றாத பிடிவாதத்தை. அந்த நாளையே அல்ல.

முதல் காரணம் நூலகம். செங்கம் போன்ற ஊரில் காசு கொடுக்காமல், யாருடைய தயவுக்கும் கட்டுப்படாமல் இருபது பேர் உட்காரக்கூடிய பொது இடம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கிளை நூலகம். பொது நூலகத் துறையின் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதோடு இரண்டாம் சனிக்கிழமையும் பூட்டு. சென்னைக்காரருக்கு வசதியான அதே நாளில் உங்களுக்குக் கதவு திறக்காது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஞாயிறு திறக்கும் அரசுக் கட்டடம் ஒரு சிறிய ஊரில் வேறு எத்தனை இருக்கிறது?

இரண்டாவது காரணம் பஸ். ஐஐடி கூட்டம் ஐந்து மணிக்கு முடிந்தால் ஐந்தேகாலுக்கு அடையாறு பஸ்ஸோ, கிண்டியில் மின்சார ரயிலோ கிடைக்கும். செங்கத்தில் மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தால் திருவண்ணாமலை போகிறவருக்குக் கவலையில்லை. கிருஷ்ணகிரி திண்டிவனம் நெடுஞ்சாலை மேலேயே ஊர் இருக்கிறது, வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் உள்கிராமத்துக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டியவர், ஜவ்வாது மலையேற வேண்டியவர், ஊர் நிறுத்தத்தில் இறங்கி இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டிய பெண் ஆகியோர் நான்கு மணிக்கே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். கையை உயர்த்திக் கேள்வி கேட்க நேரம் வரும்போது அவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். இரண்டு முறை அப்படி எழுந்தவர் மூன்றாம் முறை வரமாட்டார்.

2021 மே மாதம் முதல் அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது கூட்ட நேரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. ஒரு மாணவி கையில் காசில்லாமலே செங்கம் வந்து போகலாம், அவள் ஊருக்குப் போகும் அந்த டவுன் பஸ் கிடைக்கிற நேரத்தில் கூட்டம் முடிந்தால். அதைத் தவறவிட்டால் அடுத்தது மினி பஸ், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ; இரண்டுக்கும் காசு வேண்டும், வீட்டில் பதிலும் சொல்ல வேண்டும். நாள் குறிப்பதற்கு முன் ஒருவர் செங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நேரக் காப்பாளரிடம் நின்று எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். கூட்ட நேரத்தை முடிவு செய்ய வேண்டிய ஆவணம் அந்தத் தாள்தான். மிகத் தொலைவிலிருந்து வருகிறவர் கிளம்பி வந்து சேரும் நேரம் தொடக்கம். அவர் திரும்பும் பஸ்ஸுக்கு அரைமணி முன்பு முடிவு. உள்ளூர்க்காரர்கள் அதற்குள் தங்களைப் பொருத்திக்கொள்ள முடியும். எதிர்த்திசையில் இது நடக்காது.

கணக்குப் போட்டால் காலை பத்தரை மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடிப்பதே இந்த வட்டாரத்துக்குத் தோதாகத் தெரிகிறது. காலை வண்டியில் வந்து, பகல் வெளிச்சத்தில் வீடு போய், சாப்பாட்டையும் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.

எந்த ஞாயிறு என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கணினி கற்க ஆர்வமுள்ள அதே இளைஞர்கள்தான் அரசுத் தேர்வும் எழுதுகிறார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு 2024இல் ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. 2025இல் ஜூலை 12, அதுவும் ஓர் இரண்டாம் சனிக்கிழமை. ஆணையம் ஆண்டுத் திட்ட அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு தேதிகளையும் பாருங்கள். மோதுகிற மாதம் ஒன்றிரண்டு இருந்தால் அந்த மாற்றத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம்.

அடுத்தது திருவண்ணாமலை. கிரிவலப் பாதையின் ஒரு பகுதி செங்கம் சாலைதான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் பேச்சாளர் எப்போது வந்து சேருவார் என்று அவருக்கே தெரியாது. பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. கார்த்திகை தீபத்தின்போது ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் நிலையங்கள் அமைத்து வண்டிகளை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நகரத்துப் பயனர் குழுவின் கையேடு எதிலும் பௌர்ணமி இருக்காது. செங்கத்துக் குழுவின் நாட்காட்டியில் அது இருந்தே ஆக வேண்டும்.

முகூர்த்த நாளும் அப்படித்தான். ஆவணி, தை, வைகாசி மாத ஞாயிறுகளில் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆள் கிடைப்பார்கள். ஆனால் ஆடியில் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி அருகில் இருந்தால் பேச்சே காதில் விழாது. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் நிலமுள்ள வீட்டுப் பிள்ளையை ஞாயிறு அன்று வெளியே அனுப்ப மாட்டார்கள். மலையில் சாமை அறுப்பும் அதே மாதிரி. இவற்றுக்கெல்லாம் நாளை மாற்றினால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அன்று வருகை குறையும் என்று முன்பே தெரிந்து, புதுப் பாடம் தொடங்காமல், பழுது பார்ப்பதற்கும் சந்தேகம் தீர்ப்பதற்கும் அந்த மாதத்தை ஒதுக்கினால் போதும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு இன்னொன்று. துணைமின் நிலையத்தில் பராமரிப்பு என்றால் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. முந்திய நாள் செய்தித்தாளில் வந்துவிடும். பெரும்பாலும் வேலை நாட்களில், சில இடங்களில் சனிக்கிழமையும் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்குச் சாதகமாக இதுவும் ஒரு காரணம்.

இனி இடம். நாளைவிட இது நுட்பமான விஷயம். யார் உள்ளே வருவார்கள், யார் வாசலோடு திரும்புவார்கள் என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது.

நல்ல மனம் கொண்டவர்கள் மண்டபம் தருகிறேன் என்பார்கள். அது ஒரு சாதிச் சங்கத்தின் மண்டபமாக இருந்தால் வேண்டாம். கட்சி அலுவலகத்து மாடி வேண்டாம். கோயில் மண்டபமும், தேவாலய வளாகமும், பள்ளிவாசல் கூடமும் எவ்வளவு அன்போடு கொடுக்கப்பட்டாலும் வழக்கமான கூட்டத்துக்கு வேண்டாம். கொடுப்பவர் மேல் குறை எதுவும் இல்லை. ஆனால் நம் ஊர்களில் ஒரு கட்டடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்ததுமே ஒரு பையன் மனத்துக்குள் அளந்து பார்க்கிறான், இங்கே நான் உட்காரலாமா என்று. அந்தக் கேள்வி எழாத கட்டடங்கள் குறைவு. நூலகம் அதில் ஒன்று, அரசுப் பள்ளி இன்னொன்று. இந்த ஒரு காரணத்துக்காகவே, குளிர்சாதன வசதியுள்ள மண்டபத்தை விட்டு ஓட்டை மின்விசிறி சுற்றும் நூலகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது இந்த மடல்.

நூலகத்தில் நுழையக் குறுக்கு வழி தேட வேண்டாம், நேர்வழியே இருக்கிறது. நூலகங்களோடு இணைந்து வாசகர் வட்டம் இயங்குவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். நூல் அறிமுகமும் கலந்துரையாடலும் அதன் பெயரில் நடக்கின்றன. உங்கள் கூட்டம் வாசகர் வட்டத்தின் மாதாந்திரக் கணினி அமர்வாக நடக்கலாம். நூலகருக்கு அது தன் நூலகத்தின் நிகழ்ச்சி; உங்களுக்கு உறுதியான இடம். கைம்மாறாக நூலகத்துக் கணினிகளைப் பழுது பார்த்துக் கொடுங்கள், தமிழ்த் தட்டச்சு தெரியாத வாசகருக்குக் கற்றுக் கொடுங்கள். கணியம் மின்னிதழ் 2012 முதல் தமிழில் வெளியிட்டுவரும் கட்டுரைகளையும் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களையும் அங்கே வருகிறவர்களுக்குக் காட்டுங்கள்.

அரசுப் பள்ளியின் ஹைடெக் லேப் கிடைத்தால் கணினிக் குறை தீரும். ஆனால் பள்ளி எளிதாகக் கிடைக்காது. சென்னை அரசுப் பள்ளிகளில் நடந்த ஒரு சொற்பொழிவு 2024 செப்டம்பரில் பெரிய சர்ச்சையான பிறகு, வெளியாட்களை வைத்து நிகழ்ச்சி நடத்துவதில் பள்ளிகள் மிகவும் எச்சரிக்கையாக இருக்கின்றன. அது நியாயமும்கூட. கூட்டம் ஓராண்டு ஒழுங்காக நூலகத்தில் நடந்த பிறகு, அந்த வருகைப் பதிவேட்டோடு தலைமையாசிரியரைப் பார்த்தால் அவருக்கும் மேலதிகாரிக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

வீட்டில் கூடலாம் என்று யாராவது சொல்வார்கள். உலகின் புகழ்பெற்ற பயனர் குழு ஒரு வீட்டு கராஜில்தான் தொடங்கியது. 1975 மார்ச் 5, புதன்கிழமை மாலை, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்சின் வீட்டு கராஜில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். ஆல்டேர் 8800 என்ற கணினியைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். கூட்டத்தை அழைத்த இன்னொருவர் ஃபிரெட் மூர். வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். பின்னால் முதல் ஆப்பிள் கணினியை இந்த நண்பர்கள் நடுவில்தான் காட்டினார். ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் என்று அதற்குப் பெயர். கராஜ் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் அந்த கராஜில் நீண்ட நாள் தங்கவில்லை என்பதைச் சொல்கிறவர் குறைவு. ஆள் பெருகப் பெருக வேறு இடங்களுக்கு நகர்ந்து, கடைசியில் ஸ்டான்ஃபோர்டு நேரியல் முடுக்கி மையத்தின் அரங்கில் நிலைகொண்டார்கள். இடம் மாறியபோதும் இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்ற ஒழுங்கு தொடர்ந்தது.

கராஜை விட்டு வெளியே வந்ததில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. வீடு என்பது வீட்டுக்காரரைத் தெரிந்தவருக்கு மட்டுமே திறந்த இடம். ஒரு தந்தை தன் மகளை நூலகத்துக்கு அனுப்புவார். முன்பின் தெரியாத பையனின் வீட்டு மாடிக்கு அனுப்ப மாட்டார். அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல.

ஹோம்பிரூவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. லீ ஃபெல்சென்ஸ்டீன் என்ற பொறியாளர் அந்தக் கூட்டங்களை இரண்டு பகுதியாக நடத்தினார். முதல் பகுதியில் ஒவ்வொருவரும் எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன தேவை என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டாம் பகுதியில் அவரவர் தேவையானவரைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்வார்கள். அதன் பிறகும் பேச்சு முடியாதவர்கள் அருகிலிருந்த உணவகத்துக்குப் போவார்கள். செங்கத்தில் அந்த வேலையை நூலகத்துக்கு எதிர்ச்சாரி டீக்கடை செய்யும். ஆகவே இரண்டரை மணி நேரத்தையும் ஒரே ஆளின் சொற்பொழிவுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் பாடம் போதும். மீதி நேரம் கைவேலை.

கைவேலை என்றதும் மின்இணைப்பு நினைவுக்கு வர வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்த வட்டாரத்து வீடுகளுக்குள்ளும் நிறையக் கணினிகளைக் கொண்டுவந்து சேர்த்தது. விண்டோசோடு பாஸ் லினக்சும் போட்டுக் கொடுத்தார்கள். பலர் அந்த இரண்டாவதைத் திறந்தே பார்த்ததில்லை. பேட்டரி செத்து பீரோ மேலே கிடக்கும் அந்தக் கணினிகள்தான் உங்கள் கூட்டத்துக்கு முதலில் வரும். சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வரும். நூலகத்து அறையில் பிளக் பாயிண்ட் எத்தனை என்று முன்பே எண்ணிப் பாருங்கள். நான்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் குழுவின் முதல் சொத்தாக இருக்கட்டும். பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இருக்கிறதா, அதன் சாவி யாரிடம் என்பதையும் அதே நாளில் கேட்டு வையுங்கள். அழைப்பிதழில் இவை வராது. ஆனால் இவை இல்லாத இடத்துக்கு இரண்டாம் முறை யாரும் வருவதில்லை.

வழி சொல்வதில் செங்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்பது அறிஞர் கொள்கை. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு, நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி காட்டுகிறது. மலைப்பாதையில் எங்கே ஆபத்து, எந்தச் சிற்றூரில் இரவு தங்கலாம், என்ன சாப்பாடு கிடைக்கும், சேயாறு எந்தப் பக்கம் என்று வருகிறவனின் காலோடு கூடவே நடக்கிறது. உங்கள் அறிவிப்பும் அந்த அக்கறையோடு இருக்கட்டும். கூகுள் மேப் சுட்டியை மட்டும் அனுப்பினால் போதாது. எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்தக் கடைக்கு எதிரே திரும்புவது, எத்தனை நிமிட நடை, எத்தனை மணிக்கு முடியும், திரும்ப எந்த வண்டி என்று தமிழில் ஆறு வரி எழுதுங்கள். மகளின் போனை வாங்கி ஒரு தாய் அதைப் படிப்பார், படித்துவிட்டுத்தான் அனுப்புவார்.

மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து ஒரு மாணவர் மாதந்தோறும் இறங்கி வருவார் என்று எண்ணுவது அவர் மேல் சுமையேற்றுவது. குழுதான் மேலே போக வேண்டும். கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாள் நிலையானது, ஊராட்சிக்குள் இருக்கும் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. அதே முறையைப் பயனர் குழுவும் பின்பற்றலாம். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் மலைமேல் ஜமுனாமரத்தூரில். அங்கே பாடமும் வேறாக இருக்க வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இணையம் இல்லாமல் நடத்தக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் நிறுவும் கோப்புகளையும், மொத்த விக்கிப்பீடியாவையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போக முடியும். மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. 1986இல் செயல்படத் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே உள்ளது. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை குழுவின் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்ற இது தகுந்த காரணம்.

எல்லாவற்றையும் இணையத்திலேயே வைத்துக்கொண்டால் பஸ்ஸும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம் என்று தோன்றலாம். கொரோனா காலத்தில் இந்தக் குழுக்களை இணையம்தான் காப்பாற்றியது. காஞ்சிக் குழுவின் ஞாயிறு மாலைக் கூட்டம் ஜிட்சி என்ற கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. செங்கத்தில் இருந்துகொண்டே அதில் தமிழில் பேசலாம், பேசவும் வேண்டும். ஜிட்சியின் பொதுத்தளத்தில் 2023 ஆகஸ்ட் முதல் கூட்டத்தைத் தொடங்குகிறவர் ஒரு கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் இணையக் கூட்டத்துக்கு ஏற்கெனவே நல்ல போனும் சிக்னலும், வீட்டில் தனி மூலையும் உள்ளவர்தான் வருவார். பேட்டரி செத்த மடிக்கணினியோடு வருகிறவர் நேரில்தான் வருவார். உங்கள் குழு முதலில் அவருக்காகத்தான்.

ஆட்களை நேரில் கூட்டுவதை இலக்கியத்தில் இந்த மாவட்டம் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. திருவண்ணாமலையில் எழுத்தாளர் பவா செல்லதுரையும் நண்பர்களும் நடத்திய ‘முற்றம்’ கூட்டங்களுக்கு எழுத்தாளர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள்; கேட்பதற்கு ஊரும் வந்து உட்கார்ந்தது. கணினிக்கும் வருவார்கள்.

முதல் ஆண்டு எப்படி இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சில மாதம் மூன்று பேர்தான் வருவார்கள். அன்றும் கூட்டம் நடக்க வேண்டும். பூட்டிய கதவின் முன் நின்று திரும்பிய ஒருவர் பத்துப் பேரிடம் சொல்வார், கூட்டமெல்லாம் நடப்பதில்லை என்று. ஆகவே நூலகரோடு பேசும் பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருந்தால் நல்லது. ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர் பத்து மணிக்கே போய் நாற்காலியைப் போட்டுவிடுவார்.

மூன்றாம் ஞாயிறு, காலை பத்தரை முதல் ஒரு மணி வரை, கிளை நூலகம் என்பது இந்த மடலின் பரிந்துரை. பஸ் நேரத் தாள் வேறு விதமாகச் சொன்னால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒருமுறை மாற்றிய பின் ஓராண்டுக்குத் தொடாதீர்கள். வெள்ளிக்கிழமை தவிர்த்து இந்த வாரம் ஏதாவது ஒரு நாள் நூலகரைப் போய்ப் பாருங்கள். எழுத்துமூலமான கடிதத்தோடு, ஓராண்டுக்கான பன்னிரண்டு தேதிகளையும் எழுதிக்கொண்டு போங்கள்.